1998 எம்3: கூலன்ட் குறைகிறது, ரேடியேட்டர் கழுத்தில் பொருக்கு – எதையெல்லாம் சேர்த்து மாற்றுவது?

ஸ்கார்பரோ98 எழுதியது:

வணக்கம். என் கார் 1998 பிஎம்டபிள்யூ இ36 எம்3. 3.2 லிட்டர் எஸ்52 எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், ஓட்டம் 2,10,000 கிலோமீட்டர். பனிக்காலத்தில் வெளியே எடுப்பதில்லை. ஏப்ரல் கடைசியில் கராஜிலிருந்து இறக்கியபோது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் மட்டம் சற்றுக் குறைந்திருந்தது, நிரப்பினேன். இப்போது ஜூலையில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

கவனித்தவற்றைச் சொல்கிறேன். ஓட்டி நிறுத்தியதும் பானட்டைத் திறந்தால் இனிப்பான ஒரு வாடை. மேல் ஹோஸ் மாட்டியிருக்கும் ரேடியேட்டர் கழுத்தைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. டொராண்டோவின் டான் வேலி பார்க்வேயில் மாலை நெரிசலில் ஏ.சி. போட்டு நின்றால் வெப்பமானியின் ஊசி நடுவைத் தாண்டி ஒரு நூல் நகர்கிறது; வண்டி ஓடத் தொடங்கியதும் திரும்பிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம்.

ஒரு பட்டறையில் காட்டினேன். "ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் போதும். வாட்டர் பம்ப் ஒழுகவில்லை, அதைத் தொட வேண்டாம்" என்கிறார்கள். முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது எதுவும் இல்லை. பம்பை விட்டுவிடலாமா? ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் அடிக்கட்டைக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்பு) போயிருக்குமா? பிரேக் பேட், ஆயில் மாற்றும் அளவுக்குக் கைவேலை தெரியும்; இதையும் வீட்டு வாசலில் வைத்தே செய்ய முடியுமா? விற்கும் எண்ணம் இல்லை. இந்தக் காரை இன்னும் வெகுகாலம் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

பட்டறைவாசி எழுதியது:

தம்பி, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இ36-இல் அந்த ஊசியை நம்பக் கூடாது. உண்மையான வெப்பநிலையை அது அப்படியே காட்டுவதில்லை. சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். நடுவைத் தாண்டி ஒரு நூல் நகர்ந்தாலே உள்ளே சூடு நன்றாக ஏறிவிட்டது என்று பொருள். உங்கள் எஞ்சினின் அடிக்கட்டையான பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளையும், விரிசல்கூட விடும். அந்தச் செலவுக்கு முன்னால் குளிர்விக்கும் பாகங்கள் அத்தனையின் விலையும் பெரிதே அல்ல.

அடுத்து அந்தக் கழுத்து. ரேடியேட்டரின் உள்கருதான் அலுமினியம். பக்கத் தொட்டிகளும் கழுத்தும் பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடேறியும் ஆறியும் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். இருபத்தைந்து வயதைக் கடந்த எந்தக் காருக்கும் இது நேரும். இதை யாருடைய குறை என்றும் சொல்ல மாட்டேன். கசிகிற துளி சூட்டில் ஆவியாகிவிடுவதால் தரை காய்ந்திருக்கிறது. பொருக்குதான் சாட்சி. இப்படியே மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். 401 நெடுஞ்சாலையில் போகும்போது கழுத்து முறிந்து ஹோஸ் தனியாகக் கழன்றால், இருக்கிற கூலன்ட் எல்லாம் நொடிகளில் வெளியே போய்விடும். சென்சாரைச் சுற்றித் திரவம் இல்லாதபோது ஊசியும் சரியாகக் காட்டாது. எச்சரிக்கையே இல்லாமல் ஹெட் போய்விடும்.

ஹெட் கேஸ்கட்டை ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள். உதிரிபாகக் கடைகளில் ஒரு சோதனைக் கருவி கிடைக்கும்: சிறு கண்ணாடிக் குழாய், ஒரு ரப்பர் உருண்டை, நீல நிறத் திரவம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, குழாயை வாயில் பொருத்திய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். எரிப்பறையின் வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. சூடான எஞ்சினில் எக்காரணம் கொண்டும் மூடியில் கை வைக்காதீர்கள்.

நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடினால் இறங்குகிறது என்கிறீர்கள். அது காற்றோட்டக் கோளாறு. பம்பின் முன்னே இருக்கும் ஃபேன் கிளட்சை (சூடு ஏறும்போது ஃபேனைப் பம்போடு பிணைத்துச் சுழற்றும் பாகம்) பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். எதிர்ப்புக் காட்டி உடனே நிற்க வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் செத்துவிட்டது. ஏ.சி. போட்டதும் முன்னால் இருக்கும் மின்விசிறி மெதுவான வேகத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாவிட்டால் அதன் ரெசிஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டு சலசலப்பு, மட்டம் குறைந்து ஹீட்டருக்குள் காற்று புகுந்ததன் விளைவு.

நேர்வரிசை_ஆறு எழுதியது:

பம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "ஒழுகவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது" என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். இந்த எஞ்சின்களுக்குப் பிளாஸ்டிக் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் உள்சக்கரம்) கொண்ட பம்புகளும் வந்திருக்கின்றன. இம்பெல்லர் விரிசல் விட்டு அச்சில் வழுக்கினால், வெளியே ஒரு துளிகூடச் சொட்டாது. ஆனால் உள்ளே ஓட்டம் இருக்காது. உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்று கழற்றினால்தான் தெரியும். கழற்றிய பிறகு பழையதையே திரும்ப மாட்டுவதில் பொருளில்லை.

இன்னொன்று. ஃபேனும் அதன் கிளட்சும் பம்பின் அச்சிலேயே தொங்குகின்றன. பேரிங் தளர்ந்தால் ஃபேன் ஆடும்; ஆடுகிற பழைய பிளாஸ்டிக் இறக்கை அதிக வேகத்தில் சிதறினால் ரேடியேட்டரையும் பானட்டையும் கிழித்துவிடும். புது ரேடியேட்டரை அப்படிப்பட்ட ஒரு ஃபேனுக்கு முன்னால் வைப்பதற்கு மனம் வருமா?

உலோக இம்பெல்லர் பம்பையே நான் வாங்குவேன். பேரிங் தேய்ந்தால் உலோகம் எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரை உரசும் என்று சிலர் எதிர்க்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பேரிங் அந்த அளவுக்குத் தேய்வதற்கு முன்பே அச்சில் ஆட்டம் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஃபேனைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும்.

ஞாயிறு_டிராக் எழுதியது:

என் இ36-இல் அந்தப் பெரிய ஃபேனையே எடுத்துவிட்டு மின்விசிறி மட்டும் வைத்திருக்கிறேன். 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் (கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) போட்டேன். டிராக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

பட்டறைவாசி எழுதியது:

டிராக்கில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, காற்று தானாக வருகிறது. இவருக்குப் பிரச்சினை நின்றுகொண்டிருக்கும்போது. அங்கே அந்தப் பெரிய ஃபேன்தான் காப்பாற்றும். தெர்மோஸ்டாட்டும் அப்படியே: 92 டிகிரியில் திறப்பது இந்த எஞ்சினுக்கு விதித்த அளவு. 80-இல் திறப்பதைப் போட்டால் கொஞ்சம் முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். ரேடியேட்டரால் சூட்டை வெளியேற்ற முடியாவிட்டால், எப்போது திறந்தாலும் ஊசி ஏறத்தான் செய்யும். நோயை விட்டுவிட்டு எண்ணைத் திருத்துகிற வேலை அது. தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தம்பி, நான் மாற்றச் சொல்வது இவை: ரேடியேட்டர், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அதன் உறையும் கேஸ்கட்டும், ஃபேன் கிளட்ச், ஃபேன் இறக்கை, பெல்ட். ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலன்ட்டை இறக்கி, ஃபேனைக் கழற்றி, மறுபடி காற்றை வெளியேற்ற வேண்டும். புதியதன் முழு அழுத்தமும் மிச்சமிருக்கும் பழையதில்தான் விழும். தெர்மோஸ்டாட் உறை பிளாஸ்டிக்காக இருந்தால் அலுமினியத்துக்கு மாறுங்கள். மாட்டுமுன் அதன் முகம் சமதளமாக இருக்கிறதா என்று எஃகு அளவுகோலை நிறுத்திப் பாருங்கள்.

ஸ்கார்பரோ98 எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சோதனைத் திரவம் நீலமாகவே இருந்தது. ஃபேன் கிளட்ச் நீங்கள் சொன்னபடி தடையே இல்லாமல் சுற்றுகிறது. பாகங்கள் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன். ஃபேனைக் கழற்றும் முறையில்தான் தயக்கம்: ஸ்பேனர் போட்டால் பம்ப் புல்லியும் சேர்ந்து சுற்றுகிறது. வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நேர்வரிசை_ஆறு எழுதியது:

அது 32 மி.மீ. நட், இடது மரை. காரின் முன்னே நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலர் இறுக்கிக்கொண்டே போவார்கள். பெல்ட்டைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு, ஸ்பேனரின் கைப்பிடியில் சுத்தியலால் சுருக்கென்று ஓர் அடி கொடுங்கள்; மெதுவாகத் தள்ளினால் புல்லிதான் சுற்றும். பம்ப் புல்லியின் நான்கு போல்ட்டுகளையும் பெல்ட் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். கழற்றிய ஃபேன் கிளட்சைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

பம்ப் எளிதில் வராது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கவ்விப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழுந்து, புதுப் பம்ப் அந்த இடத்திலேயே ஒழுகும். பம்பின் விளிம்பில் இரண்டு மரைத்துளைகள் வெறுமனே இருப்பதைப் பார்ப்பீர்கள். அவை இதற்காகவே வைத்தவை. அவற்றில் 6 மி.மீ. போல்ட் இரண்டைச் செலுத்தி, இங்கே அரைச் சுற்று அங்கே அரைச் சுற்று என்று மாறி மாறித் திருப்பினால் பம்ப் தானாக முன்னுக்கு வரும். மாட்டும்போது ஓ-ரிங்கில் கூலன்ட்டைத் தடவி நேராக அழுத்துங்கள். அந்தச் சிறிய நட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடாதீர்கள்.

ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகை மட்டும் திறந்தால் பழைய கூலன்ட்டில் பெரும்பகுதி பிளாக்கிலேயே தங்கிவிடும். பிளாக்கில் எக்ஸாஸ்ட் பக்கமாக ஒரு வடிகால் போல்ட் உண்டு. அதையும் திறங்கள். கூலன்ட் நீல நிறத்தது, பாஸ்பேட்டும் நைட்ரைட்டும் இல்லாத வகை. காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி. மொத்தம் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். பச்சை நிறத்தது கையில் இருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள்.

காற்றை வெளியேற்றுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. முன்பக்கத்தைச் சாய்தளத்தில் உயர்த்தி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகைத் திறந்து மெதுவாக ஊற்றுங்கள். குமிழி நின்று திரவம் மட்டுமே வரும்வரை பொறுமை வேண்டும். அந்தத் திருகு பிளாஸ்டிக். விரலால் இறுக்கினாலே போதும்.

ஸ்கார்பரோ98 எழுதியது:

வேலை முடிந்தது. மேல் ஹோஸைத் திருகி இழுத்ததும் ரேடியேட்டர் கழுத்து காய்ந்த அப்பளம்போல ஹோஸுக்குள்ளேயே நொறுங்கி வந்தது. உடைந்த விளிம்பு முழுக்கப் பழுப்பு நிறம். ஒரு பக்கத்தில் மட்டும் பழைய விரிசலின் கறை உள்வரை ஊறியிருந்தது. பம்பில் இருந்தது உலோக இம்பெல்லர். யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அச்சைப் பிடித்து ஆட்டினால் தெளிவாக ஆட்டம் தெரிந்தது, சுற்றினால் மணல் அரைபடுவதுபோன்ற கரகரப்பு. இதைத்தான் தொட வேண்டாம் என்றார்கள். உங்கள் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

காற்று முழுவதும் போயிற்று, ஹீட்டர் நின்ற நிலையிலும் சூடாக வருகிறது. ஊசி நெரிசலில் அசையவில்லை. ஆனால் அந்த ஊசியை இனி நான் நம்புவதில்லை. உண்மையான எண்ணைப் பார்க்க வழி இருக்கிறதா? மறுநாள் காலை மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதுவும் உறுத்துகிறது.

பட்டறைவாசி எழுதியது:

இருக்கிறது தம்பி. உங்கள் 1998 காரில் ஓபிடி-2 இணைப்பு (எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க உதவுவது) உண்டு. ஒரு சின்ன ரீடரைச் செருகிக் கைபேசியில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 90-ஐ ஒட்டியும், நெரிசலில் அதைவிடக் கொஞ்சம் கூடியும் நின்றால் சரி. 105-ஐத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

முதல் சில ஓட்டங்களில் மட்டம் இறங்குவது இயல்பு. மூலையில் ஒளிந்திருந்த காற்று வெளியேறுகிறது. ஆறியிருக்கும்போது நிரப்பி, தொட்டியில் மட்டத்தை ஒரு பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் குறைந்தால் எஞ்சினுக்குள் காற்றை விடும் இன்டேக் மேனிஃபோல்டின் கீழும் எஞ்சினின் பின்பக்கமும் போகிற ஹீட்டர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். அங்கே கை நுழையாது. பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல் அழுத்தம் ஏற்றி, சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடுங்கள்.

ஸ்கார்பரோ98 எழுதியது:

ரீடரை மாட்டினேன். 401-இல் 89 முதல் 92 வரை, டான் வேலி நெரிசலில் ஏ.சி.யோடு 97. இரண்டாம் முறை நிரப்பிய பிறகு பேனாக் குறியிலிருந்து மட்டம் இறங்கவில்லை. பிரஷர் டெஸ்டரைக் கடையில் வாடகைக்குத் தருகிறார்கள். மட்டம் இறங்காவிட்டாலும் அதை ஒருமுறை வாடகைக்கு எடுத்துச் சோதித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.