தண்ணீர்க் கோப்பை யன்னல் விளிம்பில் இருந்தது

ஒட்டுசுட்டான் மகள்:
பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் 2009 போரில் போய்விட்டார்கள். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு ஏ9 வீதிப் பக்கமுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் விட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுத்தான் போவோம். போகும்போதெல்லாம் குளிக்க வார்த்து, பவுடர் பூசி வைத்திருப்பார்கள்.

போன மாசி மாதம் காணி அலுவலாகக் கிளிநொச்சி போனவள், சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினேன். வியாழக்கிழமை. பெரியம்மாவின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் கோப்பை யன்னல் விளிம்பில், அவ கை எட்டாத தூரத்தில். கேட்டால், அவ கண் அங்கே நின்ற பராமரிப்புப் பிள்ளையின் பக்கம் போகிறது. "எனக்கென்ன, நல்லாத்தான் பார்க்கினம்." அந்தப் பிள்ளை வெளியே போன பிறகுதான் வாய் திறந்தா: "தண்ணி குடிச்சா பம்பர்ஸ் நனையுதெண்டு ஏசுறாள், பிள்ளை."

காலைத் தூக்கிப் பார்த்தேன். குதியில் கறுப்பாக ஒரு புண்.

இரண்டு மாதமாக அவ மாறி மாறிக் கதைத்ததை வயதுபோய் அறிவு தடுமாறி அறளை பெயர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் கிருமி என்றார்கள். மருந்தும் தண்ணீரும் போய்ப் பத்து நாளில், விற்ற மாட்டின் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டா!

பராமரிப்பாளர், கிளிநொச்சி:
அக்கா, கோபிக்காமல் வாசியுங்கள். நான் இப்படி ஒரு இடத்தில் ஆறு வருடம் வேலை செய்தவன். இரவில் நாங்கள் இரண்டு பேர். படுக்கையில் ஒன்பது பேர். புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஒருவரைத் திருப்பித் துடைத்துக் கிடத்தப் பத்து நிமிடம், ஒன்பது பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒரு சுற்று முடிய அடுத்தது வந்துவிடும். இடையில் யாராவது வாந்தி எடுத்தால் அவ்வளவுதான்.

பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். குழாயைப் பிடுங்குகிறார் என்று ஒரு ஐயாவின் கையைச் சாரத் துண்டால் கட்டிலோடு கட்டியுமிருக்கிறேன். யாரும் பிழை என்று சொல்லவில்லை. அடுத்த நாள் மணிக்கட்டில் தழும்பைப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது.

ஆட்களைக் கூட்டச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் நிற்பாட்டினால், அடுத்து வருகிறவளும் கோப்பையைத் தள்ளித்தான் வைப்பாள்.

நெடுங்கேணி:
எங்கள் அப்பாவுக்குச் சாப்பாட்டில் குறையில்லை, காசில்தான். முதியோர் கொடுப்பனவுக்குக் கைநாட்டு வைப்பார், கையில் ஒரு சதமும் வராது. "உங்களுக்குத்தானே செலவழிக்கிறம்" என்பார்களாம். செலவுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டோம், இல்லை. அப்பாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம்.

வவுனியாவிலிருந்து:
இல்லத்துக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று கேட்டால் காட்டுவார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படியான இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். புண்ணின் படத்தைத் திகதியோடு எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரித் துண்டை எறிய வேண்டாம்.

ஒன்று, அந்தச் சட்டம் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். போரில் செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் கிடக்கிற எங்கள் பெடியளுக்கு வலுவிழந்தோருக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு.

ஒட்டுசுட்டான் மகள்:
தம்பி, கோபமில்லை. கை கட்டினதை எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். இப்போது நானும் என் தம்பியும் நாள் மாற்றி மாற்றிப் போகிறோம். கடிதமும் எழுதிவிட்டேன்.

போன கிழமை பெரியம்மாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டில் ஆச்சி கூப்பிட்டா. அவவிடம் வந்துபோக ஒருவரும் இல்லை. "என்ரையையும் ஒருக்காப் பார், மோனை." குதி நல்லாயிருந்தது, முதுகடியில் தோல் சிவந்திருந்தது. கடிதத்தில் அந்தக் கட்டிலையும் சேர்த்தேன்.