அறுபதைத் தாண்டி ஓரியன்டியரிங்: காட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கோலாலம்பூர், ஆண், 66 வயது

மகள் இழுத்துப் போய்த்தான் இந்த விளையாட்டைப் பழகினேன். மூன்று வருடம் ஆகிறது. கையில் வரைபடம், காம்பஸ். காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக 30 செ.மீ. துணிக்கொடி தொங்கும். அதைத்தான் கண்ட்ரோல் என்கிறோம். வரிசைப்படி எல்லாவற்றையும் கண்டுபிடித்து வர வேண்டும். எந்த வழியில் போவது என்பது நம் இஷ்டம். ஓடுகிற பிள்ளைகளுக்கான விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். போன மாதம் புக்கிட் கியாரா மலையில் நடந்த போட்டியில் அந்த எண்ணம் மாறியது.

நான்காவது கண்ட்ரோலிலிருந்து ஐந்தாவதுக்கு நேர்கோட்டில் 250 மீட்டர்தான். ஆனால் நடுவில் ஆழமான ஓடை. எனக்கு முன்னால் போன இரண்டு மலாய்ப் பையன்கள் சரிவில் நேராக இறங்கிவிட்டார்கள். நான் நின்று வரைபடத்தைப் பார்த்தேன். பழுப்புக் கோடுகள் நெருக்கமாக இறங்கி, அதே நெருக்கத்தில் மறுபக்கம் ஏறின. அதில் ஒரு கோடு மட்டும் ஓடையின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு கண்ட்ரோல் வரைக்கும் போனது.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நானும் தோட்டத்தில் பிறந்தவன். இருட்டு விலகுமுன் அம்மாவோடு பால்மர நிரைக்குப் போயிருக்கிறேன். மலைத் தோட்டத்தில் பால்மரம் நிற்கிற படித்தட்டு மேலே ஏறாது, கீழே இறங்காது, மலையைச் சுற்றியே போகும். இரண்டு வாளிப் பாலையும் சிந்தாமல் அம்மா தூக்கி வந்தது அந்தத் தட்டில்தான். வரைபடத்தின் பழுப்புக் கோடும் அதேதான், ஒரே உயரத்தில் போகிற கோடு. எத்தனையோ பேர் எனக்குக் காண்டூர் பாடம் எடுத்தார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றபோதுதான் உள்ளே இறங்கியது.

பழைய தட்டு இன்னும் அங்கே கிடக்கிறது, மேலெல்லாம் பெரணிச் செடி மூடி. அதில் ஏறி நடந்தேன். எங்கள் பிரிவுக்கு வரைபடத்தை 1:7,500 அளவில் பெரிதாக்கித் தருகிறார்கள், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது பெரிய உதவி. வளைவோடு அளந்தால் 6 செ.மீ., அதாவது 450 மீட்டர். வலது காலடியை மட்டும் எண்ணினால் எனக்கு 100 மீட்டருக்கு 66 வரும். முந்நூறை நெருங்கும்போது கொடி தெரிந்தது. வந்து சேர்ந்ததைப் பதிகிற கார்டை அங்கிருந்த பெட்டியில் செருகி 'பீப்' சத்தம் கேட்டுத் திரும்புகிறேன், அந்தப் பையன்கள் கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வருகிறார்கள். "பாக்சிக், இக்குட் ஜாலான் மானா?" (மாமா, எந்த வழியாக?) என்று ஒருவன் கேட்டான். போட்டி நடக்கும்போது வழி சொல்லக் கூடாது. முடிந்ததும் மாமாக் கடையில் தே தாரிக் பக்கத்தில் வரைபடத்தை விரித்து, விரலால் அந்தக் கோட்டைக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள்.

பினாங்கு, பெண், 71 வயது

தம்பி, படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. தண்ணீர்மலைப் பக்கம் இருபது வருடமாக நடக்கிறேன். பூமலைத் தோட்டத்தில் போட்டி என்றதும், எனக்குத் தெரியாத பாதையா என்று வரைபடத்தைச் சரியாகப் பார்க்காமல் போனேன். 34 என்று இருக்க வேண்டிய இடத்தில் 43-ஆம் எண் கொடியில் கார்டை வைத்துவிட்டேன். மற்ற எல்லாம் சரி, ஆனாலும் அன்றைய ஓட்டம் கணக்கில் வரவில்லை. ஊர் தெரிந்திருப்பதும் வரைபடம் படிப்பதும் வேறு வேறு. இப்போது கட்டை விரலை நான் நிற்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன். எண்ணைப் பார்த்த பிறகுதான் கார்டு.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: வரைபடத்தில் வெள்ளை என்றால் வெட்டவெளி இல்லை, தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. மஞ்சள்தான் வெட்டவெளி. பச்சை கருக்கக் கருக்கப் புதர் அடர்த்தி. நம் ஊரில் கரும்பச்சை என்றால் பிரம்பு முள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிப் போங்கள். கையில் பிளாஸ்டிக் உறை தெரிந்தால் குரங்கு தின்பண்டம் என்று பிடுங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள், ஏழாவது கண்ட்ரோலுக்குப் போகும் வழியில் ஒரு சீனப் பெண்பிள்ளை கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள். அடிபட்டவருக்கு உதவுவது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் கடமை, விதியிலேயே இருக்கிறது. விசிலை ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதினேன். ஆள் வரும்வரை 40 நிமிடம் பக்கத்திலேயே இருந்தேன். அவள் "ஆன்ட்டி, நீங்கள் போங்கள், நேரம் போகிறது" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் போட்டியில் கடைசியாகத்தான் வந்தேன். வீட்டில் மாட்டி வைத்திருப்பது அன்றைய வரைபடத்தைத்தான்.

செந்தூல், ஆண், 62 வயது

அக்கா, அண்ணே, ஆசையாக இருக்கிறது. ஆனால் வலது முட்டி மாற்று அறுவை செய்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேடு பள்ளத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மாதிரி ஆளுக்கு ஏதாவது வழி உண்டா?

கோலாலம்பூர், ஆண், 66 வயது

உண்டு தம்பி. ட்ரெயில்-ஓ என்று ஒரு வகை. பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். தூரத்தில் சில கொடிகள் தெரியும். வரைபடத்து வட்டத்துக்குள் வருவது எது, ஒன்றும் பொருந்தவில்லையா என்று நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். நடக்கிற வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் மற்றவர்களும் ஒன்றாகவே போட்டியிடலாம். வயதைப் பற்றியும் யோசிக்காதீர்கள். உலக மூத்தோர் போட்டி 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாகப் பிரிவு பிரித்து நடக்கிறது. தொண்ணூறு வயதுக்காரர்களும் ஓடுகிறார்கள்.

ஞாயிறு காலை ஏழரைக்கு நானும் மகளும் லேக் கார்டனில் பழைய வரைபடத்தை வைத்துப் பழகப் போகிறோம். அங்கே தார்ப்பாதை இருக்கிறது, உங்கள் முட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றரை லிட்டர் தண்ணீரும், கயிறு கட்டிய வாசிப்புக் கண்ணாடியும் கொண்டு வாருங்கள். காம்பஸ் என்னிடம் இரண்டு இருக்கிறது.