டெபுட்டி ஷெரிஃப் என் தையல் மிஷினையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்

சாட்ஸ்வர்த்_தையல்காரி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். தம்பி தவணையில் சோபா, டிவி வாங்கினான். ஒரு வருஷமாகப் பணம் கட்டவில்லை. செவ்வாய்க்கிழமை டெபுட்டி ஷெரிஃப் என்று ஒருவர் வந்து வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டார்; நான் ரவிக்கை தைக்கிற மிஷினும் அதில் ஏறிவிட்டது. எதையும் தூக்கிப் போகவில்லை. அமெரிக்க சீரியலில் டெபுட்டி ஷெரிஃப் துப்பாக்கியும் விலங்குமாக வருவாரே, தம்பியைப் பிடித்துப் போவார்களா? அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மெரிபேங்க்_பழைய_டெபுட்டி:
முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் தங்கச்சி. 14 வருஷம் அந்த வேலை பார்த்தவன் நான். அமெரிக்காவில் பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரிஃபை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவருடைய டெபுட்டி ரோந்து போவார், கைது செய்வார். இங்கே 1986ஆம் வருஷச் சட்டப்படி ஷெரிஃபை நியமிப்பது நீதி அமைச்சர், டெபுட்டியை வேலைக்கு வைப்பது ஷெரிஃப். நாங்கள் போலீஸ் இல்லை. சம்மன் கொடுப்போம், ஜப்தி செய்வோம், கோர்ட் உத்தரவு இருந்தால் வீட்டைக் காலி செய்ய வைப்போம். என் கையில் இருந்தது பேனாவும் அட்டையும்தான். நாய்களுக்கு அது புரியாது. இரண்டு முறை கடி வாங்கினேன்.

கடனுக்காக ஆளைச் சிறையில் வைப்பதை 1995லேயே அரசியல் சாசன நீதிமன்றம் நிறுத்திவிட்டது. கட்டில், படுக்கை, உடுதுணி, ஒரு மாதச் சாப்பாட்டுச் சாமான், இதையெல்லாம் ஜப்தி செய்யவும் முடியாது.

மிஷின் உங்களுடையது, கடன் தம்பியுடையது. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 'இது என் பொருள்' என்று அஃபிடவிட் (சத்தியம் செய்த வாக்குமூலம்) எழுதி, ரசீதோடு அந்த ஷெரிஃப் ஆபீஸில் உடனே கொடுங்கள். கடன் கொடுத்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட் முடிவு செய்யும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இதற்கு முன்பே சம்மன் வந்திருக்குமே? பதில் கொடுக்கப் பத்து கோர்ட் நாள் இருந்திருக்கும். வீட்டில் 16 வயது ஆனவராகத் தெரிகிற யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் கொடுத்ததில் பாதி ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்திருக்கும்.

ஃபீனிக்ஸ்_மாமா:
எதற்கு இத்தனை அலைச்சல்? ராத்திரியோடு ராத்திரியாக மிஷினைப் பெரியம்மா வீட்டில் வைத்துவிடு பாப்பா.

மெரிபேங்க்_பழைய_டெபுட்டி:
ஐயோ மாமா! பட்டியலில் ஏறிய பொருளை ஒளித்தால் குற்றம். அப்புறம் நிஜமாகவே போலீஸ் வரும்.

சாட்ஸ்வர்த்_தையல்காரி:
சம்மன் ஃபிரிட்ஜ் மேல் இல்லை அண்ணா, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. தம்பிக்கு வேலைக் கடிதம் வந்திருக்கிறது என்று நினைத்து அம்மாதான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மிஷின் ரசீது கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் போகிறேன்.