பொருள்: விசிறியின் ‘பிட்ச்’: புரியிடைத் தூரமா, சுற்றுநடையா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மர மோட்டார் படகுக்கான கையேட்டில் புரொப்பெல்லருக்கு ‘விசிறி’ என்ற தமிழ்ச்சொல் முடிவாகிவிட்டது. ‘பிட்ச்’ (ஒரு சுற்றில் விசிறி முன்னே போக வேண்டிய தொலைவு) பாக்கி. திருகு அளவிக்குப் பள்ளிப் பாடத்தில் வரும் ‘புரியிடைத் தூரம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? விசிறியும் தண்ணீரில் ஓடும் திருகுதானே. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

– செவ்வாய்ப்பேட்டை

> புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் பட்டறையில் உதைக்கும். ‘புரியிடை’ என்றால் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவில். போல்ட்டில் அதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். விசிறியில் முழுப் புரி ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வோர் இறக்கையும் ஒரு புரியின் துண்டு. கையேட்டைப் படிப்பவர் இரண்டு இறக்கைக்கு நடுவே டேப்பை வைப்பார்.

குடத்தில் (இறக்கைகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதி) 13×11 என்று குத்தியிருந்தால் முதலில் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலம். எண் தேய்ந்துபோன பழைய விசிறியை அளந்துதான் ஆக வேண்டும். தண்ணீரைத் தள்ளும் முகம் மேலே இருக்கும்படி மட்டப் பலகையில் வையுங்கள். ஆரத்தில் 70 சதவீதத்தில் ஒரு வில் கீறுங்கள். 13 அங்குல விசிறிக்கு மையத்திலிருந்து ஏறத்தாழ 115 மி.மீ. அந்த வில்லில் 40 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளி. இரண்டின் உயரத்தையும் ஹைட் கேஜில் எடுத்து, வித்தியாசத்தை 9-ஆல் பெருக்குங்கள். 31 மி.மீ. வந்தால் 279 மி.மீ., அதாவது 11 அங்குலம். மற்ற இறக்கைகளிலும் அதே 31 வர வேண்டும். ஒன்றில் மட்டும் 29 வந்தால் அந்த இறக்கை 10¼ அங்குலம்தான். ஷாஃப்ட் அதிரும், பேரிங் தேயும். ஆளுக்கு ஆள் இதை ‘பேலன்ஸ் போச்சு’ என்று சொல்லி எடையைச் சுரண்டுவார்கள். எடை சரியாகவே இருக்கும், கோணம்தான் தப்பு.

ஆக, இது ஒரு சுற்றுக்கு விசிறி நடக்க வேண்டிய தொலைவு. ‘சுற்றுநடை’ என்கிறேன். ‘லாரி ரெண்டு நடை அடிச்சது’ என்று பேசும் ஊரில் விளக்கவுரை தேவைப்படாது.

– சூரமங்கலம்

> ‘சுற்றுநடை’ என்கிறேன்

சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கியர் இல்லாத நேரடி ஓட்டம், 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), சுற்றுநடை 11 அங்குலம்: நிமிடத்துக்கு 33,000 அங்குலம், மணிக்கு 50 கி.மீ. ஜி.பி.எஸ். காட்டுவது 40 என்றால் குறைவு 20 சதவீதம். இந்தக் குறைவுக்குக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘வழுக்கல் இழப்பு’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ‘இழப்பு’ கூடவே கூடாது. தண்ணீரை இறக்கை சற்றுச் சாய்வாக அடித்தால்தான் உந்துவிசை பிறக்கும். இந்தக் குறைவே இல்லையென்றால் படகைத் தள்ள விசையும் இராது. ‘நடைக்குறை’ என்று வைத்தால் சுற்றுநடையோடு ஒட்டும். ஆனால் அது 40 சதவீதத்தைத் தொட்டால் பாசி படிந்த அடித்தட்டா, வளைந்த இறக்கையா என்று பார்க்க வேண்டும். வேகப் படகுக்குத்தான் இந்த எண். மெதுவாகப் போகும் கனமான படகில் 40 சாதாரணம்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொன்று சேருங்கள். மேட்டூர் நீர்மட்டம் கடலிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1500. ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி மேட்டூரில் இருப்பதைவிட 12 சதவீதம் போலக் குறைவு. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். மேட்டூரில் 3200 எடுத்த எஞ்சின், அதே விசிறியோடு இங்கே 3000 சொச்சத்தில் நின்றுவிடும். சுற்றுநடையில் 1 அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். அதனால் 13×11 போய் 13×10. கார்புரேட்டரில் மெயின் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் முக்கியத் துளை) ஒரு படி சின்னதாக்குங்கள். இல்லாவிட்டால் பிளக்கில் கரி படியும், பழி விசிறி மேல் விழும். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை மிதிபடகுகள் இறங்குமுன் விடியலிலேயே முடித்துவிடுவது நல்லது, ஏரி சின்னது.

– நாகலூர், ஏற்காடு

> 13×11 போய் 13×10

விட்டத்தை ஏன் கூட்டக்கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். இறக்கை நுனிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும். 13 அங்குலத்துக்குக் குறைந்தது 33 மி.மீ. பழைய படகில் பெரும்பாலும் அதற்கு மேல் இடம் இராது. இன்னொன்று: விசிறியை மாற்றுமுன் படகில் இருக்கும் டாக்கோமீட்டரை (ஆர்.பி.எம். காட்டும் கருவி) நம்பாதீர்கள். ஷாஃப்டில் ஒளியைத் திருப்பும் பளபள நாடா ஒட்டி ஒளி டாக்கோமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள்.

சுற்றுநடை, நடைக்குறை இரண்டுக்கும் சம்மதம். சுழலும் திசைக்கு முன்பு வந்த ‘வலம்புரி’ மட்டும் வேண்டாம். நாம் வலம்புரி என்று கொண்டாடும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்பார்கள். எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்ற சண்டை ஓயாது. ‘வலச்சுற்று: படகின் பின்னால் நின்று பார்த்தால், முன்னோட்டத்தில் கடிகார முள் திசை’ என்று அடைப்பில் எழுதிவிட்டால் தப்பான விசிறி வாங்கமாட்டார்கள்.

– சூரமங்கலம்

சரி, பட்டியலில் சுற்றுநடை ஏறுகிறது. முதல் முறை வரும்போது பக்கத்திலேயே ‘பிட்ச்’ என்றும் இருக்கும், கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும். இனி ‘கப்’. இறக்கையின் பின்விளிம்பைத் தள்ளும் முகத்தின் பக்கமாக லேசாக வளைப்பது. சுற்றுநடையை ஏறத்தாழ 1 அங்குலம் கூட்டியதற்குச் சமம். ‘விளிம்பு மடிப்பு’ என்றால் தகரத்தை மடித்தது போலக் கேட்கிறது. ‘விளிம்புக் குழிவு’ எப்படி?

– செவ்வாய்ப்பேட்டை