அட்டைப்பெட்டியோடு காட்டுயிர் மருத்துவமனை வாசலில் நின்றவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓட்டுவீட்டுச்சிட்டு:
மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது இது. தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துற காட்டுயிர் மருத்துவமனை, எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நான் கொண்டுபோனது ஆந்தைக்குஞ்சு. ராத்திரி முழுக்க வீட்டுல வச்சிருந்துட்டு விடிஞ்சதும் ஓடினேன். மேசையில இருந்த அக்கா படிவத்தை நிரப்பிக்கிட்டே கேட்டாங்க: "வாயில ஏதாவது ஊத்துனீங்களா? பால், தண்ணி?"

ஊத்தியிருந்தேன். சிரிஞ்சுல பால், மூணு தடவை. "இல்லீங்க"ன்னுட்டேன். "இல்லை"ங்கிற கட்டத்துல அவங்க டிக் போட்டாங்க. அந்தப் பேனா நகர்ந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. மறுநாள் போன் பண்ணினேன். நுரையீரல்ல ஏதோ இறங்கியிருந்துச்சாம், பிழைக்கல. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல.

கரையோரம்:
எனக்கு ஆமை. வண்டி ஏறி ஓடு விரிஞ்சு கிடந்துச்சு. ஓடு ஏதோ மேல போட்ட கவசம்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். டாக்டர் விரிசல்ல மருந்துத் தண்ணி விட்டதும் நாலு காலையும் உள்ள இழுத்துக்கிச்சு. "இது எலும்புங்க, முதுகெலும்பும் விலாவும் இதோட சேர்ந்துதான் இருக்கு, வலிக்கும்"னாங்க. எக்ஸ்ரேல வட்ட வட்டமா ஏழு முட்டை.

ஓடு சேர ஒரு வருஷம்கூட ஆகலாம், சேர்ந்ததும் எடுத்த இடத்துலயே விடணும், எங்க எடுத்தீங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. இருட்டு, பதட்டம், ரோட்டோரம். அவ்வளவுதான் நினைவுல இருக்கு. அந்த ஆமை எந்தத் தண்ணிக்குப் போய்க்கிட்டிருந்துச்சோ.

மூன்றாம்படி:
சிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. பால் கொடுத்தது அறியாமை. ஆனா கேட்டதுக்கு மாத்திச் சொன்னது வேற. அதை ரெண்டையும் ஒண்ணாக்க வேண்டாம். இனி படிக்கிறவங்களுக்காக இதையும் எழுதுறேன்.

பறவைக்கு மூச்சுக்குழலோட வாய் நாக்குக்குப் பின்னாலயே திறந்திருக்கும். நாம ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போயிடலாம். பாலைச் செரிக்கவும் அதுக்கு முடியாது. ஒண்ணும் கொடுக்காதீங்க. காத்துப்போக ஓட்டை போட்ட பெட்டி, அடியில துணி, மூடி, இருட்டு, அமைதி, இது போதும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்காதீங்க, அதுக்கு நம்ம முகம் வேட்டை விலங்கின் முகம். பிடிபட்ட பயத்துலயே தசை சிதைஞ்சு சில நாள் கழிச்சுச் சாகிற விலங்குகள் உண்டு. வௌவாலை வெறுங்கையால தொடாதீங்க, ரேபிஸ் இருக்கலாம். கடிச்சிட்டா அன்னைக்கே ஊசி. சிறகு முளைச்சுத் தரையில தத்துற குஞ்சைத் தூக்கவே வேண்டாம், தாய் பக்கத்துலதான் இருக்கும். சிறகு முளைக்காததைக் கூட்டுலயே திரும்ப வைங்க. மனுஷன் தொட்டா தாய் ஒதுக்கிடும்கிறது பொய்.

என் கதை ரெண்டு வரிதான். என் பூனை கவ்வின குருவி. காயமே தெரியல, "நல்லாத்தான் இருக்கு"ன்னு ரெண்டு நாள் வச்சிருந்தேன். பூனை எச்சில் பட்டாலே அன்னைக்கே ஆன்டிபயாடிக் தரணுமாம்.

இரவுப்பணி:
படி அண்ணா, நீங்க சொன்ன தகவல் எல்லாம் சரி. அந்த முதல் பத்திதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவ.

குஞ்சு வர்ற பருவத்துல விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும் அரைமணிக்கு ஒரு தடவை ஊட்டணும். நம்மளையே தாய்னு நினைச்சிடக் கூடாதுன்னு முகத்தை மறைச்சுக்கிட்டு, பேசாம ஊட்டணும். அப்படி ஒரு நாள் ஒரு பையன் அணில் குட்டியோட வந்தான். "பால்ல பிஸ்கட் ஊறவச்சுக் குடுத்தேன்"னு அவனா சொன்னான். நான் கேக்காமலே சொன்னான். அலுப்புல கத்திட்டேன். அவன் காது சிவந்தது தெரிஞ்சுது. குட்டி பிழைச்சிடுச்சு, அதைக் கேக்க அவன் வரவேயில்ல.

கொஞ்ச நாள் கழிச்சுக் காலையில வாசல்ல ஒரு பெட்டி. உள்ள ஒரு புறா, இறக்கை தொங்கிட்டிருந்துச்சு. ஆள் இல்ல. பெட்டி மேல பென்சில்ல எழுதியிருந்துச்சு: "எதுவும் குடுக்கல." எங்க எடுத்தான்னு எழுதல. எலும்பு மூணு வாரத்துல கூடிடுச்சு, பறக்கவும் பறந்துச்சு. ஆனா எந்த இடத்துல விடுறதுன்னு கேக்க அவன் கிடைக்கல.

சிட்டு, பால் போச்சுன்னு தெரிஞ்சிருந்தா முதல் வேலையா நெஞ்சைக் கேட்டுப் பாத்திருப்பாங்க, மருந்தும் அப்பவே ஆரம்பிச்சிருப்பாங்க. பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இப்பவும் கூப்பிட்டுச் சொல்லலாம், பதிவேட்டுல திருத்திக்குவாங்க. யாரும் கத்த மாட்டாங்க.

ஓட்டுவீட்டுச்சிட்டு:
படிவ எண் இன்னும் என் போன்லயே இருக்கு அக்கா.