புயலில் பழைய பாய்மரப் படகு: எது முதலில் கைவிடும்?

கடலோடி:

1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கம் போய்த் திரும்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டிக்குப் புறப்பட்டவை 303 படகுகள். புயலைத் தாண்டி முடித்தவை 86. போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் மூழ்கியவை 5தான், மற்றவை ஆளில்லாமலே மிதந்தன. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு 'அசென்ட்' என்ற கான்டெஸா 32 வகை, 32 அடிப் படகு. 1991இல் அமெரிக்கக் கிழக்குக் கரைப் புயலில் ஆட்களை மீட்ட பிறகு விடப்பட்ட 'சடோரி' என்ற வெஸ்ட்செயில் 32 வகைப் படகும் பின்னர் கரை ஒதுங்கிக் கிடந்தது, பெரிய சேதமில்லாமல். கனத்த பழைய உடல் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. அதில் பொருத்தியவைதான் கைவிடுகின்றன.

கவிழும் தன்மையைக் கணிக்க ஒரு சுருக்கக் கணக்கு உண்டு. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, கனமூலம் காணுங்கள். அகலத்தை அடியில் எடுத்து அந்த எண்ணால் வகுங்கள். விடை 2க்குக் கீழே இருந்தால் நல்லது. கான்டெஸா 32க்கு 9.5 அடி அகலம், 9,500 பவுண்டு எடை, விடை 1.8. ஆனால் எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. ரேடார், சுருட்டிய முன்பாய், பின்புறச் சோலார் சட்டம் என்று 40 ஆண்டுகளில் மேலே ஏற்றியதெல்லாம் நிலைத்தன்மையைக் குறைக்கும். பாய்மரத்தில் 10 மீட்டர் உயரத்தில் ஏற்றிய 10 கிலோவை ஈடுகட்ட, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே 100 கிலோ வேண்டும்.

பக்கவாட்டில் அறையும் உடைஅலையின் உயரம் படகு நீளத்தில் சுமார் 30 சதவீதம் இருந்தாலே சில படகுகள் கவிழும், 60 சதவீதம் வந்தால் எந்தப் படகும் உருளும் என்று மாதிரிப் படகுகளை வைத்து நடத்திய தொட்டிச் சோதனைகள் காட்டின. 32 அடிப் படகுக்கு அது 10 அடியும் 19 அடியும். ஒருமுறையாவது தலைகீழாகும் என்று வைத்துக்கொண்டே தயார் செய்யுங்கள்.

உப்புக்காற்று:

தலைகீழானால் தண்ணீர் நுழையும் முதல் வழி, அறைக்குள் இறங்கும் வாசலின் செருகு பலகைகள். பல பழைய படகுகளில் அந்த வாசல் கீழே குறுகி மேலே விரியும். பலகை சில அங்குலம் மேலே எழும்பினால் போதும், கழன்று போய்விடும். ஒவ்வொரு பலகைக்கும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள், கயிற்றாலும் கட்டுங்கள். பெரிய ஜன்னல்களுக்கு 12 மி.மீ. பிளைவுட்டில் மூடிகள் வெட்டி, ஊடுருவும் போல்ட்டோடு தயாராக வையுங்கள். பேட்டரி, அடுப்பு, தரைப்பலகை எல்லாம் படகு தலைகீழாக நின்றாலும் அசையாதபடி பட்டை போட வேண்டும். 25 கிலோ பேட்டரி பறந்து வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

படகின் உடலைத் துளைத்துக் கடலுக்குப் போகும் குழாய்களில் பழைய பித்தளை கேட் வால்வு இருந்தால் கழற்றி எறியுங்கள். உப்புநீரில் துத்தநாகம் கரைந்து, வெளியே முழுசாகத் தெரியும் வால்வு கையோடு ஒடிந்து வரும். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் நுழையும். கைப்பம்பால் அதைச் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு வால்விலும் ஓட்டையை அடைக்க அதன் அளவுக்கேற்ற மர முளை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

அணியத்தான்:

எனக்கு இருப்பதிலேயே பெரிய கவலை செயின்பிளேட்தான், அதாவது பாய்மரக் கம்பிகளை உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகள். வெளியே பளபளவென்றிருக்கும். தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் உப்புநீர் தேங்கி, ஆக்ஸிஜன் கிடைக்காமல், துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் அரிக்கும். மேலே இருந்து பார்த்துச் சான்று தருபவரை நம்பாதீர்கள், கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பாய் ஏற்றும் கயிற்றால் பாய்மரத்தைப் பட்டை கழற்றும் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே பட்டையைக் கழற்றுங்கள். நன்றாகத் தேய்த்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் தெளித்து 15 நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி அடியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். போல்ட் துளைகளின் விளிம்பையும் தளத்தைத் தாண்டும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். கோடு தெரிந்தால் மெருகேற்றித் திரும்பப் போடாதீர்கள், 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாகச் செய்யுங்கள்.

தளத்தின் நடுவே பால்சா மரம் இருந்தால் அதே துளை வழியாக அது ஊறியிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் மொத்தையான சத்தம் வரும். 6 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. துளையிட்டு, ஊறிய மரத்தைச் சுரண்டி, காயவிட்டு, கெட்டியான எபாக்ஸி பிசின் நிரப்பி, நடுவில் மறுபடி 6 மி.மீ. துளையிடுங்கள்.

பாய்மரம் போனால் பயணம் மட்டும் போகாது. உருளலை எதிர்க்கும் நிலைமத்தில் பெரும்பங்கு அந்த உயரமான மரத்தில்தான் இருக்கிறது, அது இல்லாத படகை அடுத்த அலை இன்னும் சுலபமாக உருட்டும். தனி ஆளாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் போட்டியின் படகுகள் எல்லாமே 1988க்கு முந்தைய வடிவங்கள், நீள அடிக்கட்டை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கீல்) கொண்டவை. இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமியின் 'துரியா' உட்பட ஐந்து படகுகள் பாய்மரம் இழந்தன. வென்ற வான் டென் ஹீடின் ரஸ்லர் 36 வகைப் படகிலும் பக்கக் கம்பிகள் மரத்தில் பிடித்திருந்த இடம்தான் விட்டுக்கொடுத்தது. நடுக்கடலில் மரத்தில் ஏறிக் கட்டிக்கொண்டுதான் அவர் கரை சேர்ந்தார்.

கடலோடி:

டீசலை மறந்துவிடாதீர்கள். பழைய தொட்டியின் அடியில் படிந்த சேறு, கடல் கொந்தளித்ததும் கலங்கி ஃபில்டரை அடைக்கும், மிகத் தேவைப்படும் நேரத்தில் இன்ஜின் நிற்கும். தொட்டியில் கை நுழையும் மூடி வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு ஃபில்டரை இணையாகப் போட்டு நடுவில் வால்வு வைத்தால் ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

உப்புக்காற்று:

நீள அடிக்கட்டைப் படகின் பெரிய வரம், அது காற்றுக்கு முகம் சாய்த்து அமைதியாக நிற்கும். சின்ன முன்பாயைக் காற்றுப்பக்கம் இழுத்துக் கட்டி, நன்றாகச் சுருக்கிய பெரிய பாயோடு, டில்லரை, அதாவது சுக்கான் பிடியை, காற்று மறைவுப் பக்கம் கட்டினால் போதும். ஆனால் அலை உடைய ஆரம்பித்ததும் அந்த நிலை போதாது. பின்புறம் இழுவைத் தொடர், அதாவது படகைப் பின்னிருந்து பிடித்திழுக்கும் துணிக்கூம்புகள் கோத்த கயிறு, விட வேண்டும். டொனால்ட் ஜோர்டன் வடிவமைத்ததில் 5 அங்குல விட்டமுள்ள துணிக்கூம்புகள், 10,000 பவுண்டுப் படகுக்குச் சுமார் 100, நுனியில் சங்கிலி எடை. அதைத் தளத்திலுள்ள பழைய கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கட்டாதீர்கள். அடியில் ஒரு துண்டு பிளைவுட்டோடு நிற்கும் கிளீட் பிய்ந்துகொண்டு போகும். படகு எடையில் பாதிக்கும் மேலான இழுவிசைக்குக் கணக்கிட்டு, பின்மூலைகள் இரண்டிலும் உடலின் வெளிப்பக்கம் நீளமான எஃகுப் பட்டை போல்ட் செய்யுங்கள், உள்ளே தாங்குத் தகடும் வையுங்கள். கயிறு எங்கும் உரசாமல் நேராகப் போகிறதா என்று துறைமுகத்திலேயே இழுத்துப் பாருங்கள்.