கெட்ட செய்தியைச் சொல்லத் தெரிந்தவர்கள்: பணியிட அனுபவப் பகிர்வு

குலசேகரம் உறுப்பினர்:

பணியில் முன்னேற வேண்டிய குணங்கள் எவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் உழைப்பு, நேரந்தவறாமை, இனிய பேச்சு ஆகியவையே முதலில் சொல்லப்படுகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் சாதகமில்லாத ஒரு செய்தியை உரிய நேரத்தில், உரியவரிடம், அவர் மனம் கோணாதபடி சொல்லத் தெரிந்தவர்களே வேலையில் நிலைத்து மேலே வந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அப்படி ஒருவரை நேரில் கண்டதை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டுகிறேன்.

நான் கணக்குப் பார்த்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும், அதாவது மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும், அம்மா ஒருவர் இருந்தார். விலை ஏறியிருந்த ஒரு பருவத்தில், ஒன்று விட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய மரங்களை நாள்தோறும் வெட்டும்படி முதலாளி சொல்லியிருந்தார். நாளடைவில் சில மரங்களில் வெட்டுக்கோட்டின் ஒரு பகுதியில் மட்டுமே பால் கசிந்தது. மீதி வறண்டு பழுப்பேறிக் கிடந்தது. சிரட்டையின் அடி நனையும் அளவுக்கே பால் விழுந்தது. ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை இப்படி மரத்துப்போகும் என்பது வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அதை முதலாளியிடம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வெட்டு குறைந்தால் கூலி குறையும். கத்தி ஆழமாக இறங்கியதுதான் காரணம் என்ற பழியும் வெட்டியவர் தலையிலேயே விழும்.

அந்த அம்மா எல்லோர் முன்னிலையிலும் எதுவும் பேசவில்லை. பால் குறைந்த மரங்களில் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுக்கொண்டே வந்தார். பிறகு, உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடிக்கும் இடத்தில் முதலாளி தனியாக நின்ற வேளை பார்த்து, "முதலாளி, நாளைக்கு விடியுமுன்ன ஒருக்கா தோட்டத்துக்கு வரணும். சொன்னா விளங்காது, பாத்தாத்தான் விளங்கும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நல்ல மரம் ஒன்றையும் அடையாளமிட்ட மரம் ஒன்றையும் அடுத்தடுத்து வெட்டிக் காட்டினார். யார் சொல்லி நாள்தோறும் வெட்டினோம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. வறண்ட மரங்களுக்கு ஓய்வு கொடுத்து, மற்றவற்றைப் பழைய முறைக்குக் கொண்டுவரலாம் என்றும், வெட்டில்லாத நாட்களில் ஷீட் அடிப்பதையும் தோட்டத்தில் களைக்காடு வெட்டுவதையும் தங்களுக்கே தந்தால் கூலியும் குறையாது என்றும் சொன்னார். முதலாளி ஒப்புக்கொண்டார். இன்று அந்தத் தோட்டத்தில் புதியவர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான்; அதற்குத் தனிச் சம்பளமும் உண்டு.

தோவாளை உறுப்பினர்:

எங்கள் பூச்சந்தையில் இந்தக் குணத்துக்கு இன்னும் அதிக மதிப்பு உண்டு, ஏனெனில் பூ நாளை வரை காத்திருக்காது. ஓணத்துக்கு முன் அத்தம் தொடங்கி 10 நாட்கள் கேரளத்தில் அத்தப்பூக்களம் இடுவதால், கிரேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் வாங்க அங்கிருந்து வியாபாரிகள் வேன் எடுத்துக்கொண்டு இரவிலேயே புறப்படுவார்கள். அப்படி ஓர் இரவில், ஓசூரிலிருந்து வர வேண்டிய கிரேந்தி லோடு வழியில் பழுதாகி நின்றுவிட்டது. கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், மூத்தவர்கள் "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன பிறகும், முதலாளியை எழுப்பி அனுமதி பெற்று, ஒவ்வொரு வியாபாரியையும் வேன் கிளம்புமுன் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் ஏசியதையும் அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டதை நான் அருகில் இருந்து பார்த்தேன். ஏசி முடித்தவரிடம், இருப்பில் இத்தனை கிலோ உண்டு, அதில் அவருக்கு இவ்வளவு ஒதுக்க முடியும், மீதிக்கு அரளி போதுமா என்று கேட்டார்.

யாருக்குக் கோயில் மாலைக்குப் பூ வேண்டும், யாருக்குக் கல்யாண வேலை, யாருக்குப் பூக்களம் என்பதை அவர் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்திருந்தார். யாருக்கு எந்தப் பூவை மாற்றிக் கொடுக்கலாம் என்று அந்த இரவில் முடிவெடுக்க முடிந்தது அதனால்தான். துணிவு மட்டும் இருந்து இந்தக் கவனம் இல்லாதிருந்தால், அவர் கெட்ட செய்தியைச் சொல்லி முடித்ததோடு நின்றிருப்பார். ஏசிய வியாபாரி இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். முதலில் அந்தத் தம்பியைத்தான் கேட்கிறார்.

கன்னியாகுமரி உறுப்பினர்:

கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ காற்று பலத்தாலோ விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படுவது இங்கே வழக்கம். 2024 டிசம்பர் இறுதியில் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, அதைப் பார்ப்பதற்கென்றே தொலைவிலிருந்து வருகிறவர்களின் ஏமாற்றம் பெரிது. அப்படிப் படகு நின்ற ஒரு நாள், வரிசையை ஒழுங்குபடுத்திய ஊழியர் ஒருவர் அறிவிப்போடு நில்லாமல், வரிசையின் கடைசி வரை நடந்து, தமிழிலும் மலையாளத்திலும் தெரிந்த இந்தியிலும் காரணத்தைச் சொல்லி, அடுத்த முடிவு எப்போது தெரியும் என்பதையும் சொன்னார். முதியவர்களை நிழலில் உட்கார வைத்தார். கூச்சல் அடங்கிவிட்டது.

மார்த்தாண்டம் உறுப்பினர்:

மூன்று அனுபவங்களிலும் கேட்டவர்கள் நல்லவர்களாக அமைந்துவிட்டார்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், சரக்கு குறித்த நாளில் போய்ச் சேராது என்று முன்கூட்டியே பணிவாகச் சொன்னேன். "அபசகுனமாகப் பேசாதே" என்று மேலாளர் வாயை அடைத்தார். சரக்கு தாமதமானபோது, ஏன் எச்சரிக்கவில்லை என்று என்னையே கேட்டார். சொல்பவரின் திறமையை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தால், கேட்பவரின் பொறுப்பு மறைந்துபோகும் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

குலசேகரம் உறுப்பினர்:

தாங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் முதலாளி விடியுமுன் எழுந்து வந்திராவிட்டால் அந்த அம்மாவின் சுண்ணாம்பு அடையாளம் வீணாகியிருக்கும். தாங்கள் சொன்னது போன்ற மேலாளர் வாய்த்தவர்கள், வாயால் சொன்னதை அன்றே நாளும் நேரமும் குறித்து, தணிந்த சொற்களில் எழுத்திலும் அனுப்பி வைப்பது நல்லது. பழி திரும்பி வரும்போது அது காக்கும். எழுத்தைக் கண்டும் ஏசுகிற இடமாக இருந்தால், வேறு வேலை தேடத் தயங்க வேண்டாம்.